மருத்துவரின் எதிர்க்கேள்வி: வீட்டு விலங்குகளின் நோயும் நடத்தையும்

மைசூரு நகரத்துக் கால்நடை மருத்துவர்களிடம் நாயையோ பூனையையோ கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, ஓயாமல் சொறிகிறது என்பன உடலைப் பற்றியவை. கடிக்க வருகிறது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது, பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிகிறது என்பன குணத்தைப் பற்றியவை. முதல் வகைக்கு மருந்து கேட்கப்படுகிறது. இரண்டாம் வகைக்கு அதட்டி அடக்கும் வழி கேட்கப்படுகிறது. இந்தப் பிரிவினை வளர்ப்பவரின் வசதிக்காக ஏற்பட்டதேயன்றி விலங்கின் உடலில் அப்படியொரு கோடு கிடையாது என்பதும், அனுபவமுள்ள மருத்துவர் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லுமுன் ‘இது எப்போதிலிருந்து?’ என்று திருப்பிக் கேட்பதற்கு அதுவே காரணம் என்பதும் இவ்வுரையில் விளக்கப்படுகின்றன.

வலியைச் சொல்ல வாயில்லாத உயிர் அதை நடத்தையாகவே வெளிப்படுத்துகிறது. பல ஆண்டுகளாகக் குழந்தைகளோடு சாதுவாகப் பழகிய நாய் ஒருநாள் தலையைத் தடவ நீண்ட கையைக் கவ்வினால், அதற்குத் திமிர் ஏறிவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டுகிறார்கள். மருத்துவரோ காதைத் திருப்பி உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்க்கிறார், இடுப்பு மூட்டை அழுத்துகிறார், பல்லின் வேரை ஆராய்கிறார். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2020இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நடத்தைச் சிக்கல் என்று சிறப்பு மருத்துவர்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்கிற்கு ஏதேனும் ஒரு வலி பின்னணியில் இருப்பதாகக் கூறுகிறது. பழகிய மணல் தட்டை விட்டுவிட்டு மூலைக்கு மூலை உட்கார்ந்து முக்கும் ஆண் பூனையின் நிலை இதைவிடக் கடுமையானது. அது பழிவாங்குவதாகவோ பிடிவாதம் பிடிப்பதாகவோ எண்ணிக் காத்திருக்கும் வீட்டில், குறுகலான சிறுநீர்த் தாரை நுண்கற்களாலும் சளியாலும் முற்றிலும் அடைபட்டு, இரண்டொரு நாளில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகக்கூடும். சிறுநீர் வராமல் முக்கும் ஆண் பூனையை அன்றிரவே மருத்துவரிடம் சேர்ப்பதைத் தவிர இதற்கு வேறு விடை கிடையாது.

பழிவாங்கும் எண்ணம் நாய்க்கும் பூனைக்கும் ஏற்றிச் சொல்லப்படுவது போலவே குற்ற உணர்வும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. செருப்பைக் கடித்துவிட்டுத் தலை தாழ்த்தி நிற்கும் நாய் தன் தவற்றை உணர்ந்துதான் அப்படி நிற்கிறது என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் செய்து காட்டிய சோதனையில், தவறு செய்யாத நாயும் உரிமையாளர் கடிந்துகொண்டால் அதே முகத்தையே காட்டியது. ஆகவே அந்த முகம் கோபத்திற்கு முன் எழும் தணிவின் அடையாளம். மாலையில் வீடு திரும்பியவர் காலையில் நடந்த தவற்றுக்காக அடிக்கும்போது, வாசற்கதவு திறந்தால் அடி விழும் என்பதை மட்டுமே நாய் கற்றுக்கொள்கிறது. நாயை அடக்கி ‘தலைவன்’ ஆக வேண்டும் என்ற அறிவுரையும் இப்படிப்பட்டதே. ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல், கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு எழுதியவற்றிலிருந்து அது கிளைத்தது. அதைத் தம் நூலின் வழியே பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் திருத்தி எழுதினார். திருத்தம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பழைய அறிவுரைதான் பயிற்சியாளர்களிடம் செல்லுபடியாகிறது.

தீபாவளி நெருங்கும்போது கேட்கப்படும் கேள்வி ஏறத்தாழ ஒன்றேதான்: வெடிச்சத்தத்தில் நடுங்கும் நாயை என்ன செய்வது? இதற்கான விடையை மைசூரு நகரம் ஆண்டுதோறும் தன் அரண்மனை வட்டாரத்திலேயே நடத்திக் காட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது. விஜயதசமியன்று சாமுண்டேசுவரி அம்மன் எழுந்தருளும் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரிக்கு மலர் தூவப்பட்டு, நாட்டுப்பண் இசைக்கப்படும்போது, 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குகின்றன. குஷால தோப்பு என்று கன்னடத்தில் வழங்கும் இந்த முழக்கத்தின்போது அம்பாரி யானையும் உடன்வரும் யானைகளும் காவல்துறையின் குதிரைகளும் கூட்டத்தின் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே வன முகாம்களிலிருந்து அழைத்துவரப்படும் யானைகள் நகரத்தின் இரைச்சலுக்கும் வாகனங்களுக்கும் முதலில் பழக்கப்படுத்தப்படுகின்றன. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரையிலான ஊர்வலப் பாதையில் நாள்தோறும் நடத்திச் செல்லப்படுகின்றன. அதன்பின் விழாவிற்கு முன்னரே பலமுறை பீரங்கி ஒத்திகை நடைபெறுகிறது. ஒத்திகையில் புதிய யானைகள் சற்றுத் தள்ளி, பல தசராக்களைக் கண்ட மூத்த யானைகளின் பக்கத்தில் நிறுத்தப்படுகின்றன; பாகனும் அவருடைய உதவியாளரான காவாடியும் தொட்டும் பேசியும் உடன் நிற்கிறார்கள். முதல் ஒத்திகையில் மிரளும் யானை கடைசி ஒத்திகையில் செவியை மட்டும் அசைக்கிறது.

நடத்தை அறிவியல் இதற்கு இரண்டு பெயர்களைத் தருகிறது. அச்சமூட்டும் ஒன்றை, அச்சம் எழாத அளவுக்கு மெலிதாகத் தொடங்கிச் சிறுகச் சிறுக வலுவாக்கிப் பழக்குவது படிப்படிப் பழக்கமூட்டல் எனப்படும். அந்த மெல்லிய சத்தம் எழும் ஒவ்வொரு முறையும் விலங்கு மிக விரும்பும் உணவைத் தந்து, சத்தத்தையும் உணவையும் அதன் மூளையில் பிணைப்பது எதிர்ப்பிணைப்பு எனப்படும். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ் நாய்களிடம் கண்டறிந்த பிணைப்பு விதியின் பயன்பாடே இது. வீட்டில் இதைச் செய்ய, பதிவு செய்யப்பட்ட வெடிச்சத்தத்தை நாய் காதை உயர்த்தும் அளவுக்கு மட்டும் ஒலிக்கச்செய்து, உடனே ஒரு துண்டு கோழிக்கறியோ பன்னீரோ கொடுத்து, நாய் நிம்மதியாக இருக்கும்வரை அதே அளவில் நிறுத்தி, சில நாள் கழித்துச் சற்றே உயர்த்த வேண்டும். இது தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டிய வேலை. தீபாவளி வாரத்தில் கேட்கப்படும் கேள்விக்கு இந்த விடை பயன்படாது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலும் நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கும் என்பதால், வளர்ப்பவருக்கு ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும் இரவு நாய்க்கு ஓய்ந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘பழகட்டும்’ என்று நாயை வெடிக்கும் இடத்திலேயே கட்டிவைப்பது மேற்சொன்ன முறைக்கு நேர் எதிரானது. ஓட வழியின்றி அச்சத்தில் அமிழ்த்தப்படும் நாய் மேலும் மிரளும், அல்லது உணர்வு மரத்தது போலச் சுருண்டு கிடக்கும், அந்த அமைதியைப் பழக்கம் என்று வீட்டார் தவறாக எண்ணுவர். பயந்து மடியில் ஏறும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பதும் பொருந்தாத எச்சரிக்கையே, ஏனெனில் அச்சம் கூலிக்காகச் செய்யப்படும் செயலன்று. கடைசி நேரத்தில் கேட்பவர்களுக்கு மருத்துவர் சொல்வது எளியது: வெளிச்சுவர் இல்லாத உள்ளறை, மூடிய சன்னல், திரை, ஓடும் மின்விசிறியின் இரைச்சல், மாலைக்கு முன்பே முடித்துவிட்ட நடை, கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண். மருந்தும் உண்டு, ஆனால் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் அசிப்ரோமசின் என்ற மாத்திரை உடலை அசையவிடாமல் செய்யுமேயன்றி உள்ளிருக்கும் அச்சத்தைத் தணிப்பதில்லை என்று அறியப்பட்டபின், அச்சத்தையே குறைக்கும் மருந்துகளை நாயின் எடையும் இதயநிலையும் பார்த்து மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டாருக்கு எழுதித் தந்த சீட்டு இதற்கு உதவாது.

உணவு பற்றிய கேள்விகளில் மைசூருக்கே உரிய ஒரு சாயல் உண்டு. தமிழ் வைணவக் குடும்பங்களும் பிற சைவ உணவுக் குடும்பங்களும் நிறைந்த இந்நகரில், தயிர்சாதத்தில் நாய் வளருமா என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கியபின் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் படிகள் அதன் உடலில் பெருகின என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் ஆய்விதழில் நிறுவினர். ஆகவே சோறு நாய்க்கு நஞ்சன்று, செரிக்கக்கூடிய உணவே. எனினும் சோறும் தயிரும் மட்டுமே என்றால் புரதமும் தாதுக்களும் போதா, வளரும் பெருங்குட்டிகளின் கால் எலும்பு வளையத் தொடங்கும். ராகிக் களியில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்றாலும் தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதால் அதுவும் தனியே போதாது. முட்டையை அனுமதிக்கும் வீட்டில் புரதச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதுவும் கூடாதெனில், தேவையான சத்துகள் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட சைவ நாயுணவை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கலாம்.

பூனைக்கு இந்தச் சலுகை கிடையாது. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவரங்களில் அனேகமாக இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1970களிலும், இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் அதுவே காரணம் என்பது கலிபோர்னியாவில் பால் பியானும் கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்ட ஆய்விலும் தெளிவாயின. பாலும் சோறும் வைத்து வளர்க்கப்படும் பூனை உயிரோடிருக்கிறதென்றால், அது வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்கிறது என்றே பொருள். மாடிக் குடியிருப்பில் கதவடைத்து வளர்ப்பவர்கள் அந்த வழியையும் மூடிவிடுகிறார்கள். இறைச்சி வாங்க மனமில்லாதவர்கள் பூனை வளர்க்காமலிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

பண்டிகை நாட்களில் நஞ்சாகும் பொருள்கள் சமையலறையிலேயே கிடைக்கின்றன. சாம்பாரில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். பாயசத்தின் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் நாயின் உடலில் மெதுவாகவே கழிவதால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நகரத்தின் புகழுக்குரிய மைசூர்பாகும் விலக்கன்று: அதில் நஞ்சு எதுவுமில்லை, ஆனால் ஒரேயடியாக உள்ளே போகும் நெய் கணையத்தை வீங்கச்செய்து, நாயை மூன்று நாள் வாந்தியோடும் தாளாத வயிற்றுவலியோடும் கிடத்திவிடும். இவை எல்லாவற்றையும் விடத் துயரமானது அன்பினால் கொடுக்கப்படும் நஞ்சு. காய்ச்சலாயிருக்கும் என்று மனிதர் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அம்மருந்தைக் கழிக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவாதலால் இரத்தம் பழுப்பேறி, ஒற்றை மாத்திரையே உயிரைக் கொண்டுபோகும். மூக்கு உலர்ந்திருப்பதைக் காய்ச்சலின் அறிகுறியாகக் கொள்வதும் தவறு. நாயின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியே காய்ச்சலைச் சொல்லும்.

உண்ணியைப் பற்றிய கேள்வி ஆண்டு முழுவதும் ஓயாதது. ‘ஊசி போட்டோம், பவுடர் போட்டோம், மறுபடி வந்துவிட்டது’ என்பதே எல்லோருடைய முறையீடும். பழுப்பு நாய் உண்ணி என்ற இனம் முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் முட்டையிடுவது வரை மூன்று முறை நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழிறங்கித் தோலுரிக்கிறது அல்லது முட்டையிடுகிறது; அதன் வாழ்நாளின் பெரும்பகுதி நாயின் உடலில் கழிவதில்லை, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் கட்டில் மூட்டிலும் கழிகிறது. இரத்தம் குடித்த ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகளை இடவல்லது, முதிர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினி கிடக்கவும் வல்லது. ஆகவே நாய்க்கு மருந்திட்டு வீட்டை விட்டுவிடுவது பாதி வைத்தியமே. நாய்க்கென்று விற்கப்படும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. அதைப் பூனையின்மேல் இட்டால் நரம்பு பாதிக்கப்பட்டு வலிப்பு வரும்.

உண்ணியால் வரும் நோய்களின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்குத் தனி இடமுண்டு. சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் பபேசியா கிப்சோனை என்ற ஒட்டுண்ணியை 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலாக விவரித்தது மெட்ராஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்தில்தான்; பின்னர் நரிகளிடமும் அவர் அதைக் கண்டார். இன்று உலகெங்கும் அறியப்படும் அந்த நோயின் வரலாறு சென்னையின் வேட்டை நாய்களோடு தொடங்குகிறது. வெள்ளணுக்களைத் தாக்கும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் மேற்சொன்ன பழுப்பு நாய் உண்ணியால் பரவுகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்களைப் பெருமளவில் கொன்றது அது. நாய் இரண்டு நாளாகச் சோர்ந்திருக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் இரத்தம் கசிகிறது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது என்பவை தெரிந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாட்கள் கொடுக்கப்பட வேண்டும். நான்காம் நாளே நாய் துள்ளத் தொடங்குவதால் மருந்தை அத்தோடு நிறுத்திவிடும் வீடுகள் பல, நோய் பதுங்கியிருந்து மறுபடி எழும்போது எலும்பு மஜ்ஜையே வற்றிப்போயிருக்கும். இங்கே ஓர் அச்சத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டு, 2012இல் மைசூருக்கு அருகிலுள்ள பந்திப்பூரிலும் தலைகாட்டிய குரங்குக் காய்ச்சலை முதன்மையாகப் பரப்புவது காட்டில் வாழும் வேறோர் உண்ணி இனம். வீட்டு நாயின் காதிலிருக்கும் பழுப்பு உண்ணியைக் கண்டு அந்நோயை நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

குட்டிகளைப் பொறுத்தவரை இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புப்பொருள் குட்டியைக் காக்கும்வரை தடுப்பூசியையும் அது செயலற்றதாக்குகிறது. எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடுவதால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை ஊசி திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. முதல் ஊசிக்குப் பின்னரே பார்வோ வைரஸ் நோய் கண்ட குட்டிகளின் வீட்டார் ஊசி போலி என்று ஐயுறுவதற்கும் விளக்கம் இதுவே. 1978இல் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். பினாயிலுக்கு அடங்காதது, பிளீச்சிங் கரைசலுக்கு அடங்கும். மறுபுறம், மனிதர், பிற விலங்குகள், வாகனம், படிக்கட்டு ஆகியவற்றைக் கண்டு பழக வேண்டிய பருவம் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில் நிறுவினர். ஊசிகள் முடியும்வரை வீட்டுக்குள் பூட்டி வளர்க்கப்படும் குட்டி பார்வோவிலிருந்து தப்பி, வாழ்நாள் முழுவதும் அந்நியரைக் கண்டு மிரளும் நாயாக வளரலாம். தெருவில் இறக்காமல் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டுவதும், ஊசி போட்ட நாயுள்ள வீடுகளுக்கு மட்டும் கொண்டுசெல்வதும் இரண்டு தேவைகளையும் காக்கும்.

கருத்தடை அறுவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருமுறை ஈன்ற பின்னரே செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை. கருத்தடை செய்யாத பெண்நாய்களுக்கு நடுவயதுக்குப்பின் கருப்பையில் சீழ் கட்டுவது அடிக்கடி காணப்படுவது, உயிருக்கு ஆபத்தானது. பெருத்த இனங்களுக்கு மட்டும் எலும்பு முதிரும்வரை காத்திருப்பது நல்லது என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது.

எந்த இனத்தை வளர்க்கலாம் என்பது நாய் வாங்குமுன் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பெரும்பாலும் வாங்கிய பின்னரே கேட்கப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மைசூரு குளிர்ந்த ஊர் என்ற எண்ணத்தில் சைபீரியன் ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் வாங்கப்படுகின்றன. சித்திரை வெயிலை அவை மூச்சிரைப்பால் மட்டுமே தணித்துக்கொள்ள முடியும். முகம் சப்பையான பக் நாய்க்கு அந்த மூச்சும் சரியாக வராது. மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களை மூர்க்கமானவை என்று தடைசெய்யும் சுற்றறிக்கை வெளியிட்டபோது, உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் அது பிறப்பிக்கப்பட்டது என்று கூறிக் கர்நாடக உயர்நீதிமன்றம் மறுமாதமே அதை ரத்து செய்தது. இனத்தைவிட வளர்ப்பே கடியைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் தாடை வலுத்த இனத்தின் ஒரு கடி செய்யும் சேதமும் சிறு நாயின் கடி செய்யும் சேதமும் சமமல்ல என்பதை அந்த வாதம் எளிதில் மறந்துவிடுகிறது. நாட்டு இனங்களை வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் வரவேற்கத்தக்கது. 2005இல் இந்திய அஞ்சல்துறை ராஜபாளையத்திற்கும் முதோளுக்கும் தபால்தலை வெளியிட்டது. பாகல்கோட்டை மாவட்டத்து முதோள் நாய்கள் 2016இல் இராணுவப் பயிற்சிக்காக மீரட்டுக்கு அனுப்பப்பட்டன. ஆனால் பார்வையால் இரையைத் துரத்த உருவான இந்த நாய்களுக்கு ஓட வெளி வேண்டும். இரண்டு அறை வீட்டில் அடைபட்ட முதோள் நாய் சோபாவைக் கிழிப்பதற்கு மருந்து கிடையாது.

கடைசியாகக் கடி. உறுமலை அடித்து நிறுத்துவது வீடுகளில் நடக்கும் பெருந்தவறு, ஏனெனில் உறுமல் கடிக்கு முந்தைய எச்சரிக்கை; அது அடங்கிய நாய் எச்சரிக்காமலே கடிக்கும். கடிபடுபவர்களில் குழந்தைகள் மிகுதி. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதே என்று கற்பிப்பதே நல்ல பாதுகாப்பு. கடித்தபின் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடைகள் ஐயத்திற்கு இடமற்றவை. மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும்பகுதி நாய்க்கடியாலேயே வருகிறது; உலக அளவில் அந்நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. எச்சிலிலுள்ள வைரஸ் நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற வழி அனேகமாக இல்லை, தோன்றுமுன் தடுக்க வழி உறுதியாக உண்டு. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது அந்த வழியின் முதற்படி. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைத்துக் கட்டுவது வைரஸை உள்ளே தள்ளுவதற்கு ஒப்பாகும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் பலரை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கி, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்டுவந்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தியை இந்தியா 2004இன் இறுதியோடு கைவிட்டுவிட்டது. மைசூருக்கு அண்மையில் நீலகிரியில், குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் நெடுங்காலம் தென்னிந்தியாவுக்கே புகலிடமாக இருந்த இடம். இன்று உயிரணு வளர்ப்பில் உருவாகும் தடுப்பூசி கையில் போடப்படுகிறது: தசையில் எனில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில், தோலுக்குள் எனில் 0, 3, 7, 28ஆம் நாட்களில். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப்பொருளும் செலுத்தப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது கடிபட்டவரின் உரிமை. கடித்தது வீட்டு நாயே, ஊசி போட்ட நாயே, சிறு குட்டியே என்ற காரணங்களால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது ஊசியோடு சேர்ந்து நடக்க வேண்டியது, ஊசிக்கு மாற்றன்று. எச்சிலில் வைரஸ் வந்தபின் நாய் பத்து நாளுக்குமேல் நலமாக இருப்பதில்லை என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. ஐயத்திற்கிடமாக இறந்த நாயைப் புதைத்து மறைக்காமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெங்களூரு ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் வெறிநோய் ஆய்வகம் அதன் மூளைத் திசுவைச் சோதித்து உண்மையைச் சொல்லிவிடும்.

லூயி பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டிக் கர்நாடகக் கால்நடைத் துறை நாய்களுக்கும் பூனைகளுக்கும் இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. மூன்று மாதம் நிறைந்த நாயோ பூனையோ வீட்டில் இருப்பவர்கள் இவ்வாண்டு அந்த ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளச் செய்வதோடு, தெருவில் தாங்கள் சோறிடும் நாய்களையும் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.